மூன்று பின் இருந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை: டிரையருக்கு பவர் கார்டு மாட்டிய அனுபவம்

அமெரிக்காவில் துணி காயவைக்கும் எலக்ட்ரிக் டிரையர் வாங்கினால் பெட்டிக்குள் பவர் கார்டு இருக்காது. மெஷினுக்கு அவ்வளவு பணம் கொடுத்துவிட்டு வயரைத் தனியாக வாங்க வேண்டுமா என்று கடையில் கேட்காதவர்கள் குறைவு. காரணம் நியாயமானதுதான். இந்த நாட்டு வீடுகளில் டிரையருக்கென்று இரண்டு விதமான சாக்கெட்டுகள் புழக்கத்தில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் எது இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியாது. பக்கத்திலேயே இருக்கும் கனடாவில் நான்கு பின் சாக்கெட்தான் வழக்கம் என்பதால் அங்கே டிரையர் வயரோடேயே வந்துவிடுகிறது.

20, 30 டாலர் சமாச்சாரம், மாட்டுவதும் பெரிய வேலை இல்லை. அப்படியிருந்தும் இதை நீளமாக எழுதுவதற்குக் காரணம், நம்மூரிலிருந்து வந்தவர்கள் இந்த விஷயத்தில் ஏமாந்து போக எல்லா வாய்ப்பும் இருக்கிறது. என் வீட்டு வேலையிலும், தெருமுனையில் இருக்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவரின் வீட்டிலும் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீசியன் இல்லை. டிரையரின் பின்பக்கம் வரை நான் கை வைப்பேன். சுவருக்குள் இருக்கும் வேலையை எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுவேன்.

நம்மூர் ப்ளக்கை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். மூன்று பின். மேலே இருப்பது மற்ற இரண்டையும் விடத் தடிமன், நீளமும் அதிகம். அதுதான் எர்த். சொருகும்போது முதலில் தொடுவதும், பிடுங்கும்போது கடைசியில் விடுவதும் எர்த்தாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இரண்டு பின் என்றால் எர்த் இல்லை, மூன்று பின் என்றால் எர்த் உண்டு என்பது நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிப்போன கணக்கு.

அமெரிக்காவில் பழைய வீட்டின் மூன்று பின் டிரையர் சாக்கெட்டைப் பார்த்ததும் அதே கணக்கைத்தான் மனசு போடும். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. அந்த மூன்று பின்னில் இரண்டு ஹாட் (நம்மூரில் பேஸ் என்போமே, அது), ஒன்று நியூட்ரல். எர்த்துக்கென்று பின்னே கிடையாது.

இங்கே வீட்டுக்கு வரும் மின்சாரம் எப்படி என்பதைச் சொன்னால் இது விளங்கும். தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு ஹாட் வயரும் நடுவில் ஒரு நியூட்ரலும் வருகின்றன. எந்த ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட். இரண்டு ஹாட்டுக்கும் நடுவே 240 வோல்ட். டிரையருக்கு இரண்டுமே வேண்டும். துணியைக் காயவைக்கும் ஹீட்டர் 240 வோல்ட்டில் ஓடுகிறது. டிரம்மைச் சுற்றும் மோட்டார், டைமர், உள்ளே எரியும் பல்பு எல்லாம் 120 வோல்ட். அதனால்தான் நியூட்ரல் தேவைப்படுகிறது. டிரம் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை என்று யாராவது சொன்னால், இரண்டு ஹாட்டில் ஒன்று போயிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். மோட்டாருக்கு ஒரு ஹாட் போதும், ஹீட்டருக்கு இரண்டும் வேண்டும்.

அப்படியானால் மூன்று பின் சாக்கெட் உள்ள வீட்டில் டிரையரின் இரும்பு உடம்பை எதோடு எர்த் செய்கிறார்கள்? நியூட்ரலோடுதான். டிரையருக்குள் நியூட்ரல் முனையிலிருந்து உடம்புக்கு ஒரு சின்னப் பட்டை போகிறது. ஒரே வயர் நியூட்ரலாகவும் எர்த்தாகவும் இரட்டை வேலை பார்க்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்கக் கொடுத்த சலுகை இது. போர் முடிந்தும் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1996ஆம் ஆண்டு பதிப்பில்தான் தேசிய மின் விதித்தொகுப்பு, புதிதாக இழுக்கும் டிரையர் லைனுக்கு எர்த் தனியாக, நான்கு வயர் இருந்தே ஆக வேண்டும் என்றது. அதற்கு முன்பு முறைப்படி போட்ட லைன்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றும் விட்டுவிட்டது. ஆகவே 90களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடு என்றால் பெரும்பாலும் மூன்று பின், அதற்குப் பின் என்றால் நான்கு பின்.

நாங்கள் நியூ ஜெர்சியில் ஒரு புது டவுன்ஹவுஸில் வாடகைக்கு இருந்துவிட்டு, 1970களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கிப் போனோம். டிரையர் எங்களுடையது, நான்கு பின். வாங்கிய வீட்டின் பேஸ்மென்ட் சுவரில் மூன்று பின் சாக்கெட். இந்த நிலைமையில் நிற்பவர்களுக்கு மூன்று வழிகள் கண்ணில் படும்.

முதலாவது, அடாப்டர். நான்கு பின்னை மூன்று பின்னாக மாற்றும் ஒரு குட்டி வயர் ஆன்லைனில் கிடைக்கிறது. இதை வாங்கவே வாங்காதீர்கள். டிரையருக்குள் இருக்கும் பட்டை நான்கு பின்னுக்கு ஏற்றபடி கழற்றப்பட்டிருக்கும். சுவரில் எர்த் கிடையாது. இடையில் அடாப்டரைப் போட்டால் டிரையரின் உடம்பு எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கும். டிரையர் நன்றாகவே ஓடும். உள்ளே ஒரு வயர் உரசி உடம்பில் பட்டாலும் பிரேக்கர் விழாது, தொடுகிறவர் மேல்தான் பாயும்.

இரண்டாவது, சுவரில் நான்கு பின் சாக்கெட்டை மாட்டிவிடுவது. சுவர்ப் பெட்டிக்குள் எர்த் வயர் வந்திருந்தால் இது சரியான வழி. சில வீடுகளில் அந்தக் காலத்திலேயே எர்த்தோடு சேர்ந்த கேபிளை இழுத்துவிட்டு, மூன்று பின் சாக்கெட்டை மாட்டி, வெறும் செம்பு வயரைப் பெட்டிக்குள் மடக்கி வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் அதிர்ஷ்டம், சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதும். என் வீட்டில் எலக்ட்ரீசியன் பிரேக்கரை அணைத்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். கறுப்பு, சிவப்பு, வெள்ளை. அவ்வளவுதான், நான்காவது வயர் இல்லை. அந்த இடத்தில் நான்கு பின் சாக்கெட்டை மாட்டி, எர்த் முனையை நியூட்ரலோடு ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பதற்குப் புது சாக்கெட், உள்ளே பழைய ஆபத்து. அடுத்து அந்த வீட்டுக்கு வருகிறவரையும் சேர்த்து ஏமாற்றும் வேலை அது.

மூன்றாவது, டிரையரின் பவர் கார்டை மாற்றுவது. சுவரில் என்ன சாக்கெட் இருக்கிறதோ அதற்கேற்ற பவர் கார்டை வாங்கி, டிரையருக்குள் பட்டையையும் அதற்கேற்ப மாற்றி வைப்பது. டிரையர் கம்பெனிகளின் கையேட்டிலேயே இரண்டுக்கும் படம் போட்டு விளக்கியிருப்பார்கள். அப்போதைக்கு நான் செய்தது இதைத்தான்.

கடைக்குப் போவதற்கு முன் சாக்கெட்டை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பின் டிரையர் சாக்கெட்டின் பெயர் நெமா 10-30. நான்கு பின் என்றால் நெமா 14-30. கடைசியில் வரும் 30 என்பது ஆம்பியர். இரண்டிலுமே நியூட்ரல் துளை 'எல்' எழுத்தைப் போல மடிந்திருக்கும். அதே அலமாரியில் எலக்ட்ரிக் அடுப்புக்கான 50 ஆம்பியர் பவர் கார்டுகளும் தொங்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அவற்றில் நியூட்ரல் பின் மடியாமல் நேராக இருக்கும். தெரியாமல் அதை வாங்கி வந்து, நுழையவில்லை என்று பின்னை வளைக்கவோ அரம் போடவோ கிளம்பக் கூடாது. 30 ஆம்பியர் சாக்கெட்டில் அடுப்பு ப்ளக் நுழையக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வடிவமே.

டிரையரில் காஸ், எலக்ட்ரிக் என இரண்டு வகை உண்டு. காஸ் டிரையருக்குச் சாதாரண 120 வோல்ட் ப்ளக் போதும், அது வயரோடேயே வரும். இங்கே நான் பேசுவது எலக்ட்ரிக் பற்றி மட்டும்.

பவர் கார்டில் மூன்று விஷயங்களைப் பார்த்து வாங்கினேன். ஒன்று, 30 ஆம்பியர், 10 கேஜ் செம்பு என்று அச்சிட்டிருக்க வேண்டும். 10 கேஜ் என்றால் நம்மூர்க் கணக்கில் 5 சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஏசிக்கும் கெய்சருக்கும் அங்கே 4 சதுர மில்லிமீட்டர் இழுப்போம் இல்லையா, அதைவிடத் தடிமன். தேவையும் அப்படித்தான். 5,400 வாட் ஹீட்டர் என்றால் 240 வோல்ட்டில் 22.5 ஆம்பியர் இழுக்கும், மோட்டார் தனி. நம்மூர் 16 ஆம்பியர் பாயிண்ட்டில் இந்த மெஷின் ஓடவே ஓடாது.

இரண்டு, யூஎல் முத்திரை, அதாவது பாதுகாப்புச் சோதனையில் தேறியது என்ற அடையாளம். ஆன்லைனில் விலை மலிவாகக் கிடைக்கும் சிலவற்றில் அந்த முத்திரை இருக்காது. ஐந்து டாலர் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. மூன்று, நீளம். 4, 5, 6, 10 அடிகளில் வருகிறது. டிரையரைச் சற்று முன்னால் இழுத்துச் சுத்தம் செய்ய வசதியாக 6 அடி எடுத்தேன். தேவைக்கு மேல் நீளமாக வாங்கிப் பின்னால் சுருட்டிப் போட்டால், மெஷினைத் தள்ளும்போது நசுங்கும். நீளம் போதவில்லை என்று எக்ஸ்டென்ஷன் போடுவது அதைவிட மோசம்.

வயரின் மறுமுனையில் திருகுக்கு மாட்டும் முனைகள் இருக்கும். முழு வளையமாகவோ, கவட்டை மாதிரி பிளந்தோ வரும். வளையம் இருந்தால் திருகு தளர்ந்தாலும் வயர் கழன்று விழாது. அதனால் வளையத்தையே தேடி எடுத்தேன். கவட்டைதான் கிடைக்கிறது என்றால், நுனி மேல்நோக்கி மடிந்ததாகப் பாருங்கள்.

கூடவே இன்னொரு பொருள் வாங்க வேண்டும், அல்லது பவர் கார்டோடு சேர்த்தே கொடுப்பார்கள்: ஸ்ட்ரெயின் ரிலீஃப். டிரையரின் பின்பக்கத் துளையில் வயரை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு துண்டுக் கிளாம்ப். அளவு 3/4 அங்குலம். இது இல்லாமலும் டிரையர் ஓடும். அதனால்தான் அவசரக்காரர்கள் இதை உறையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தம்பி வீட்டுக் கதை இதில்தான் ஆரம்பித்தது.

தம்பியின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். குளிர்காலம். பகலில் வீட்டில் தனியாக இருப்பவர், சும்மா இருக்க முடியாமல் துணி துவைக்கிற வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். செருப்பு போடும் பழக்கம் இல்லை. பேஸ்மென்ட் கான்கிரீட் தரையில் வெறுங்காலோடு நின்று, வாஷரிலிருந்து ஈரத்துணியை அள்ளி டிரையருக்குள் போடுவார். "ஏல, இந்தப் பொட்டியத் தொட்டா சுரீர்னு இழுக்குதுல" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். குளிர்காலத்தில் கதவுப் பிடியைத் தொட்டால்கூட இங்கே பட்டென்று அடிக்கும். அதுதான் என்று தம்பி விட்டுவிட்டார். அம்மா திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு எனக்குப் போன் செய்தார்.

நான் கேட்டது ஒன்றுதான். "தொட்ட உடனே ஒரு தடவை பட்டுன்னு அடிச்சுட்டு விட்டுடுதா, இல்ல கை வச்சிருக்கிற வரைக்கும் விறுவிறுன்னு இருக்கா?"

அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கை வச்சிருக்கிற வரைக்கும் இருக்காம்ணே. வாஷரையும் சேத்துத் தொட்டா ரொம்ப இழுக்குதாம்."

காற்று வறண்டு கிடக்கும்போது அடிக்கும் நிலைமின்சாரம் ஒரே ஒரு பொறி, அதோடு தீர்ந்தது. தொட்டுக்கொண்டிருக்கும் வரை விடாமல் கூசுகிறது என்றால் அது கசியும் கரண்ட். இந்த வித்தியாசத்தை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாக ஊரிலிருந்து வரும் பெற்றோருக்குச் சொல்லி வையுங்கள். ப்ளக்கைப் பிடுங்க வேண்டாம், மெஷின் பக்கமே போக வேண்டாம், பேனலில் டிரையர் பிரேக்கரை மட்டும் அணையுங்கள் என்று சொல்லிவிட்டு மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

தம்பியின் வீட்டிலும் மூன்று பின் சாக்கெட். அவர் சொன்னார்: "மூணு பின் இருக்குல்லண்ணே, எர்த் இருக்கும்னுதான் நெனச்சேன்." எல்லோரும் நினைப்பது அதைத்தான்.

ரப்பர் அடிச் செருப்பும் கையுறையும் போட்டுக்கொண்டு, பிரேக்கரைப் போட்டு டிரையரை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை வாஷரின் வெற்று இரும்பிலும் மறுமுனையை டிரையரின் பின்பக்கத் திருகிலும் வைத்தேன். எண் நிலைகொள்ளாமல் ஆடியது. ஒரு சமயம் 60 வோல்ட்டைத் தாண்டியது. உடனே அணைத்துவிட்டோம். ப்ளக்கைப் பிடுங்கி, மெஷினை இழுத்து, பின்பக்க மூடியைக் கழற்றினேன்.

துளையில் கிளாம்ப் இல்லை. வெட்டிய தகரத்தின் கூரான விளிம்பின் மேலேயே வயர் கிடந்தது. தகரம் பட்ட இடத்தில் மேலுறை தேய்ந்து வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. உள்ளே முனைகள் மாட்டும் பலகையில் நடுத்திருகு, அதாவது நியூட்ரல், விரலாலேயே திரும்பியது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரத்தில் உருகி வழிந்து இறுகியிருந்தது. கருகிய வாடை மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது.

நடந்தது புரிந்துவிட்டது. டிரையர் ஓடும்போதெல்லாம் அதிர்கிறது. வயரைப் பிடிக்க எதுவும் இல்லாததால் அந்த ஆட்டமெல்லாம் திருகுக்குப் போகிறது. திருகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. நியூட்ரல் அங்கே தொட்டும் தொடாமலும் இருக்க, மோட்டார் வழியாக வரும் 120 வோல்ட்டுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. நியூட்ரல் முனையோடு பட்டை வழியாக உடம்பு சேர்ந்திருக்கிறதே, அதனால் அந்த வோல்டேஜ் உடம்புக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் வாஷர் முறையாக எர்த் ஆகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தொடுகிறவரின் உடம்பு வழியாகக் கரண்ட் போகிறது. ஈரக்கை, வெறுங்கால். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகாதது பெரிய விஷயம். டெலிவரி செய்தவர்கள்தான் வயரை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கிளாம்ப் உறையோடு அலமாரியில் இருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஹாட் திருகு தளர்ந்தால் ஷாக்குக்குப் பதில் தீ. கணக்கு போட்டுப் பாருங்கள். தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால்கூட, 22.5 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு திருகில் 50 வாட் சூடு உண்டாகும். ஒரு சால்டரிங் அயர்னை மெஷினுக்குள் சொருகிவைத்த மாதிரி. சுற்றிலும் பஞ்சு பறக்கும் இடம் வேறு.

சரி, மாட்டும் முறைக்கு வருகிறேன். முதலில் ப்ளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சாக்கெட் பக்கம் கை போகும் என்றால் பிரேக்கரையும் அணைக்க வேண்டும். டிரையர் பிரேக்கர் இரட்டையாக இருக்கும், ஒரு கைப்பிடி இரண்டு ஹாட்டையும் சேர்த்து அணைக்கும். பழைய பேனல்கள் சிலவற்றில் இரண்டு தனி பிரேக்கர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கைப்பிடியை இணைக்காமல் விட்டிருப்பார்கள். ஒன்றை மட்டும் அணைத்தால் மற்றதில் கரண்ட் இருக்கும். அதனால் நியான் டெஸ்டரை நம்பாமல் மீட்டரில் பார்ப்பதே நல்லது.

பின்பக்க மூடியைக் கழற்றியதும் கிளாம்ப்பைத்தான் முதலில் துளையில் உட்கார வைக்க வேண்டும். வயரை அதன் வழியாக உள்ளே விட்ட பிறகுதான் திருகு வேலை. அவசரத்தில் முனைகளை முதலில் மாட்டிவிட்டால், அப்புறம் கிளாம்ப்பை நுழைக்க முடியாமல் அப்படியே விட்டுவிடத் தோன்றும். கிளாம்ப்பின் திருகுகளை இப்போது லேசாகப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள்.

பலகையில் மூன்று திருகுகள். நடுவில் வெள்ளி நிறம், அது நியூட்ரல். இரண்டு ஓரத்திலும் பித்தளை நிறம், அவை ஹாட். பக்கத்தில் டிரையரின் உடம்பிலேயே பச்சைத் திருகு ஒன்று, அது எர்த். நான்கு வயர் பவர் கார்டில் வெள்ளை நடுவில், கறுப்பும் சிவப்பும் ஓரங்களில், பச்சை பச்சைத் திருகில். கறுப்பும் சிவப்பும் இடம் மாறினால் ஒன்றும் இல்லை. மூன்று வயர் பவர் கார்டு தட்டையாக இருக்கும், பெரும்பாலும் மூன்றும் ஒரே நிறம். நடுவில் ஓடும் வயர்தான் நியூட்ரல், அது நடுத்திருகுக்கே போக வேண்டும். இங்கே மாறினால் உடம்பு முழுக்க ஹாட் ஆகிவிடும்.

இப்போது பட்டை. சில மெஷின்களில் அது தட்டையான உலோகத் துண்டு, சிலவற்றில் வெள்ளை வயர், சிலவற்றில் பச்சையில் மஞ்சள் கோடு போட்ட வயர். மூன்று பின் என்றால் பட்டை நியூட்ரலையும் உடம்பையும் இணைத்திருக்க வேண்டும். நான்கு பின் என்றால் அந்த இணைப்பு இருக்கவே கூடாது. தட்டைத் துண்டாக இருந்தால் கழற்றி எடுத்துவிடுவார்கள். வயராக இருந்தால் அதன் நுனியைப் பச்சைத் திருகிலிருந்து கழற்றி நடுத்திருகில் வெள்ளையோடு சேர்த்துப் போடுவார்கள். உங்கள் மெஷினின் கையேட்டில் இருக்கும் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நான்கு பின் மாட்டியும் பட்டையை விட்டுவைத்தால் என்ன ஆகும்? மோட்டாரின் கரண்ட் நியூட்ரலிலும் எர்த்திலும் பிரிந்து திரும்பும். எர்த் என்பது கோளாறு வரும்போது மட்டும் கரண்ட் போக வேண்டிய வழி. அன்றாடம் அதில் கரண்ட் ஓடினால் பாதுகாப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. 2020ஆம் ஆண்டு விதித்தொகுப்புப்படி போட்ட லைனில் டிரையர் சாக்கெட்டுக்கும் ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஏற்பாடு, இருக்கும். அங்கே பட்டையைக் கழற்றாமல் டிரையரைப் போட்டால் பிரேக்கர் டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். பிரேக்கர் கெட்டுப்போச்சு என்று மாற்றக் கிளம்புவதற்கு முன் இந்தப் பட்டையைப் பாருங்கள்.

எல்லாத் திருகையும் நன்றாக இறுக்கி, ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். அசைந்தால் மறுபடியும் இறுக்குவேன். அதற்குப் பிறகு கிளாம்ப்பின் இரண்டு திருகையும் மாற்றி மாற்றி, சமமாக இறுக்க வேண்டும். வெளியே நின்று வயரை இழுத்தால் உள்ளே ஒரு நூல்கூட நகரக் கூடாது. மேலுறை நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கும் போகக் கூடாது.

சொருகுவதற்கு முன் மீட்டரை ஓம் வைத்து ஒரு சோதனை. நான்கு பின் ப்ளக்கில் எர்த் பின்னுக்கும் டிரையர் உடம்புக்கும் நடுவே பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். நியூட்ரல் பின்னுக்கும் உடம்புக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. மூன்று பின் என்றால் நியூட்ரலுக்கும் உடம்புக்கும் நடுவே பூஜ்யம் வர வேண்டும். எதுவானாலும் ஹாட் பின்கள் இரண்டுக்கும் உடம்புக்கும் நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது. சாக்கெட்டில் ஹாட்டுக்கு ஹாட் 240, ஒவ்வொரு ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் 120. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு 240க்குப் பதில் 208 காட்டலாம். அந்தக் கட்டடத்துக்கு மூன்று பேஸ் சப்ளை வருகிறது, கோளாறு இல்லை. ஹீட்டரின் சூடு மட்டும் முக்கால்வாசியாகக் குறையும், துணி காயக் கூடுதல் நேரமாகும்.

தம்பி வீட்டில் உருகிய பலகையையும் மாற்றிப் புது பவர் கார்டும் கிளாம்ப்பும் போட்டோம். ஆனால் ஒரு திருகை நம்பி மொத்தப் பாதுகாப்பும் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, சட்டம் அனுமதித்தாலும் மூன்று வயர் லைனை வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வீட்டிலும் பேனல் பேஸ்மென்ட்டிலேயே இருந்தது வசதியாகப் போயிற்று. டவுன்ஷிப்பில், அதாவது உள்ளூர் நிர்வாகத்தில், பர்மிட் எடுத்து, எலக்ட்ரீசியன் 10 கேஜில் எர்த்தோடு சேர்ந்த புதுக் கேபிள் இழுத்து 14-30 சாக்கெட் போட்டுக் கொடுத்தார். நான் டிரையரில் பழையபடி நான்கு வயர் பவர் கார்டை மாட்டி, பட்டையைப் பிரித்துவைத்தேன். பேனல் தூரத்தில் இருக்கிறது, சுவரைக் கிழிக்க வேண்டும் என்ற வீடுகளில் செலவு அதிகமாகும், தெரியும். அங்கேயும் வருடத்துக்கு ஒருமுறை பின்பக்க மூடியைத் திறந்து நடுத்திருகை இறுக்கிப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் துணி போடுகிறார்கள் என்றால் வாஷருக்கு முன்னால் ஒரு ரப்பர் மேட்டும் போட்டு வையுங்கள்.

மாட்டி முடித்து முதல் லோடு ஓடி முடிந்த உடனே பிரேக்கரை அணைத்துவிட்டு ப்ளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் கோளாறு பெரும்பாலும் பவர் கார்டில் இருக்காது, சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பிடி தளர்ந்திருக்கும். ப்ளக் சுலபமாக உருவிக்கொண்டு வந்தாலும் அதே சந்தேகம்தான். பழைய சாக்கெட்டில் புதுப் பின்னைச் சொருகினால் புதுப் பின்னும் கருகும். அப்படிப்பட்ட சாக்கெட்டை மாற்றும் வரை டிரையரை ஓட்ட வேண்டாம்.